தேநீரை முகர்ந்தவர்

எதற்காக வந்தீர்கள் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

தாடிக்கொம்புக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில், வளரிளம் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒருசேர அமர்த்திப் பேசவைக்க, தேவாலயம் ஒன்று ஏற்பாடு செய்த இரண்டு நாள் முகாம் அது. கேட்கக் கூடாதென்று எவரும் விதி அறிவிக்கவில்லை. ‘கோடை லீவுதானே, சும்மா வந்தோம்’ என்று முதலில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

கேள்வி தடைபட்ட இடத்தில் ஊகம் செழித்தது.

நாகல் நகரில் பள்ளி ஆசிரியையாக இருந்த டெய்சிக்கு, எதிரே அமர்ந்திருந்த கண்ணுசாமியின் மீது முதல் நாளே ஐயம் விழுந்தது. குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி விவசாயி. பதினாறு வயது மகள் தீபாவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே பேருந்திலிருந்து இறங்கியவர், பிடித்தபடியே வட்டத்தில் வந்து உட்கார்ந்தார்.

தேநீர் வந்தது.

தன் டம்ளரை அவர் ஒரே மூச்சில் காலிசெய்தார். மகளுக்கு நீட்டப்பட்டதை மட்டும் இடைமறித்து வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்த பிறகே அவளிடம் கொடுத்தார்.

“வேதக்காரங்க போட்ட டீ மகளுக்கு ஆகாதாக்கும்” என்று டெய்சி, பக்கத்தில் அமர்ந்திருந்த இன்னொரு தாயான ரோசலினிடம் முணுமுணுத்தாள்.

அந்த ஊகத்தில் ஓர் ஓட்டை இருந்தது. தன்னுடைய தேநீரை அவர் முகரவில்லை. டெய்சி அதைக் கவனித்தாள். கவனித்தும் ஊகத்தைக் கைவிடவில்லை.

குளியலறைக்கு மகள் சென்றபோது அவரும் எழுந்து போய்க் கதவருகே நின்றார்.

“தாப்பாப் போடாத பாப்பா.”

“எத்தன தடவப்பா சொல்லுவீங்க” என்று உள்ளிருந்து சலித்த குரல் வந்தது.

ரோசலின் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “எஸ்.டி.டி. பூத்துப் பையன் எவங்கூடயாச்சும் கிளம்பியிருக்கும் டீச்சர். பாதி வழியில மடக்கியிருப்பாரு. கழுத்துல கயித்தக் கட்டாத குறைதான்.”

டெய்சியும் சிரித்தாள். பிறகு, தன் மகன் சார்லஸ் அந்தப் பெண்ணுக்கு எத்தனை அருகில் அமர்ந்திருக்கிறான் என்று பார்த்தாள்.

சார்லஸ் தாயோடு பேசுவதை நிறுத்தி நெடுநாளாகியிருந்தது. கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது, அதனால்தான் வந்தோம் என்று, யாரும் கேளாமலே, அவள் எல்லோரிடமும் முந்திக்கொண்டு சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலையில், முகாமை நடத்திய ஏஞ்சலின் பெற்றோருக்குத் துணிப்பட்டைகளைக் கொடுத்தாள். பெற்றோர் கண்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் அவர்களைக் கைபிடித்துத் தோப்பைச் சுற்றி அழைத்துவர வேண்டும்.

சார்லஸ் கை நீட்டவில்லை. டெய்சி துணிப்பட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பார்வையாளராகப் பாயிலேயே அமர்ந்துவிட்டாள்.

“கண்ண மட்டும் கட்டாதீக தாயி” என்றார் கண்ணுசாமி. “பிள்ளைய ஆரு பாத்துக்கிறது?”

“இன்னைக்கு ஒரு நாள் அவ உங்களப் பாத்துக்கட்டும்யா.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தீபாவே அவருக்குப் பின்னால் போய் நின்று துணியைக் கட்டிவிட்டாள்.

மகள் முன்னே நடந்தாள். அவளுடைய மணிக்கட்டைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு அவர் பின்னே நடந்தார். பெற்ற பெண்ணை இவ்வளவு நம்பாதவன் வீட்டில் என்னவெல்லாம் செய்வான் என்று டெய்சி எண்ணிக்கொண்டாள். அந்த மெலிந்த கையில் தழும்புகள் உண்டா என்று கண்களால் தேடினாள். ஒன்றும் தென்படவில்லை.

தோப்பின் மூலையில் சுற்றுச்சுவர் வைத்த கிணறு ஒன்று இருந்தது. அதற்குச் சற்று முன்னால், வரப்பின் மீது தீபா நின்றாள்.

“அப்பா, செத்த விடுங்க. முள்ளு கிடக்கு. எடுத்துப் போட்டுட்டு வாரேன்.”

அவர் விடவில்லை. அவள்தான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, தன் கையை எடுத்துக்கொண்டாள்.

கட்டிய கண்களோடு, இரு கைகளையும் காற்றில் நீட்டியபடி, அவர் தனியே நின்றார்.

அப்போது கிணற்றுக்குள் ஏதோ விழுந்து நீர் அதிர்ந்தது.

கண் திறந்திருந்தவர்களுக்கு அது நெற்றுத் தேங்காய் என்று தெரிந்தது.

கண்ணுசாமி துணியை அவிழ்க்கவில்லை. அவிழ்க்க வேண்டும் என்ற நினைவே இல்லாமல், ஒலி வந்த திசைக்கு ஓடினார். சுற்றுச்சுவர் அவர் மார்பில் மோதியது. அதன் மீது கவிழ்ந்து, இருட்டுக்குள் இருந்த அவர், தமக்குத் தெரியாத ஆழத்துக்குள் கைகளை நீட்டித் துழாவினார்.

டெய்சி எழுந்து நின்றுவிட்டாள்.

“அப்பா. இங்கதான் நிக்கிறேன்.”

தீபா ஓடிவந்து அவரைப் பின்னுக்கு இழுத்தாள். ஒரு கையில் முள் கிளை இருந்தது. மறு கையால் துணியை அவிழ்த்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் மற்ற பெற்றோரும் துணியை விலக்கிவிட்டு, பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களையும் பார்த்தார். ஏஞ்சலின் அவரை நோக்கி வந்தவள், பாதியில் நின்றாள்.

இம்முறை அவர் மகளின் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும் குரலில், வீட்டில் ஒரு நாளும் கேளாததைக் கேட்டார்.

“பருத்திக்கு வாங்கி வச்ச மருந்த எதுக்கு பாப்பா எடுத்துக் குடிச்ச?”