பத்தொன்பது மில்லிமீட்டர்

கிதாரின் கழுத்து இரண்டு மில்லிமீட்டர் மெலிந்திருந்தது.

முதலில் வெர்னியர் அளவுகோலைத்தான் சந்தேகப்பட்டேன். கடையில் தொங்கிய வேறு கிதார் ஒன்றை அளந்து பார்த்தேன். கருவி சரியாகவே காட்டியது. பிறகு என்னைச் சந்தேகப்பட்டேன். இன்னும் மூன்று முறை அளந்தேன்.

மூன்று முறையும் பத்தொன்பது. கம்பெனி அளவுப்படி இருபத்தொன்று இருக்க வேண்டும்.

பகலில் பேகம்பூர் தோல் ஷாப்பில் பதப்படுத்திய தோலின் தடிமன் அளப்பது என் வேலை. மாலையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கும் இசைக்கருவிக் கடையில் கிதார் பழுதுபார்க்கும் வகுப்பு. ஜமால் சார் இன்று மதுரைக்குப் போய்விட்டார். "வர்ற கிதாரைப் பாத்து நீயே தாள் எழுதிக் குடுத்துரு, தஹ்சீன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

என் முதல் சோதனைத் தாள்.

மேசையில் கிடந்தது ஒரு சிக்னேச்சர் மாடல். பெயர்பெற்ற ஒரு வாசிப்பாளரின் விருப்பப்படி செய்து, தலைப்பகுதியில் அவர் கையெழுத்தைப் பதித்து, முந்நூறு மட்டுமே வெளிவந்த எலக்ட்ரிக் கிதார். கையெழுத்து ஒட்டியதல்ல, வார்னிஷுக்கு அடியில் இருந்தது. வரிசை எண் பொருந்தியது. பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒயர்களைப் பற்றவைத்த ஒரு சால்டரைக்கூட யாரும் தொடவில்லை.

எல்லாம் அசல். கழுத்தின் பின்புறம் மட்டும் வார்னிஷ் போய் வெறும் மரம்.

யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

உறையின் பையில் இருந்தவற்றையும் எழுதினேன். தோள்வார் ஒன்று, கம்பி மீட்டும் பிக் மூன்று. அடியில் மடித்த தாள் ஒன்று கையில் தட்டுப்பட்டது. பழைய பில்லாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"என்ன பாப்பா, ஐசியூ டாக்டர் மாதிரி முழிக்கிற? பொழைக்குமா, பொழைக்காதா?"

கிதாரின் சொந்தக்காரர் சூசைமாணிக்கம். வேடசந்தூர் மில்லில் ஃபிட்டராக இருந்து இப்போது அங்கேயே ஸ்டோரில் உட்கார்ந்திருப்பவர். ஞாயிறுகளில் மாதா கோயிலில் வாசிக்கிறார். இளவயதில் கப்பல் பேண்டில் இருந்தபோது சிங்கப்பூரில் வாங்கியதாம். பெங்களூரில் ஒருவர் இரண்டு லட்சத்துக்குக் கேட்கிறார். அசல்தான், எதுவும் மாற்றப்படவில்லை என்று தாள் வேண்டும். மச்சினன் பிடித்துக் கொடுத்த ஆள்.

அந்த மச்சினனே போனில் கூப்பிட்டார். "செத்த இரு, வாரேன்" என்று சூசைமாணிக்கம் படியிறங்கித் தெருவுக்குப் போனார்.

அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சவேரியம்மாள் மேசைக்கு வந்தார்.

"கழுத்த மட்டும் எழுதாத தாயி. தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சு போயிருவாரு."

இரண்டு வருடம் முன்பு சூசைமாணிக்கத்துக்கு வாதம் வந்து, இடது கை பாதிதான் மடங்கியது. கிதாரைப் பீரோ மேல் போட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டாராம். அவர் மில்லுக்குப் போன பிறகு சவேரியம்மாள் அதை இறக்கி, மடியில் வைத்துக் கழுத்தைத் தேய்த்திருக்கிறார். வாரம் ஒரு நாள். ஆறு மாதம். நடுநடுவே, தொட்டுத்தான் பாருங்களேன் என்று அவர் கையில் கொடுப்பாராம்.

"ஒரு நா வெரலு சுத்தி வந்து கம்பியத் தொட்டுருச்சு. 'சவேரி, கை வந்துருச்சுடி'ன்னு சின்னப்புள்ள மாதிரி அழுதாரு. கை எங்க வந்துச்சு? நான் மரத்தக் கொறச்சேன். அம்புட்டுத்தான்."

எதில் தேய்த்தீர்கள் என்று கேட்டேன்.

"உப்புத்தாள்தான். எண்பது நம்பரு. கடைக்காரன் அதத்தான் குடுத்தான். வேற எனக்கென்ன தெரியும்?"

எண்பது நம்பர் எப்படிக் கீறும் என்று எனக்குத் தெரியும். தோல் ஷாப்பில் தினமும் பார்க்கிறேன். இந்தக் கழுத்திலோ என் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போனது. எண்ணூறு நம்பர் நைஸ் தாள் போட்டுப் பொறுமையாக இழைத்தால்தான் இப்படி வரும். வாசித்து வாசித்து வழவழப்பாகியிருக்குமோ என்றும் நினைத்தேன். ஆனால் வாசிக்கிற கை போகாத ஓரத்திலும் அதே வழவழப்பு.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சவேரியம்மாள் போய் உட்கார்ந்துகொண்டார்.

தாளில் 'மாற்றங்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விட மனம் வரவில்லை. வாக்கியமாக எழுதவும் வரவில்லை. 'கழுத்து: 19 மி.மீ.' என்று எண்ணை மட்டும் எழுதினேன். வாங்குகிறவருக்குப் புரியும், பாதி விலைகூடத் தரமாட்டார். சவேரியம்மாளுக்கு அது வெறும் எண்.

சூசைமாணிக்கம் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். அந்தக் கட்டத்தில் விரல் நின்றது.

"பத்தொம்பதா?"

"பத்தொன்பது சார்."

சவேரியம்மாள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

சூசைமாணிக்கம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஒரு கொறையும் இல்லையாம்டி. ஆனா பெங்களூர்க்காரன் கைக்கு இது ஒத்துவராது. ஒந்தம்பிகிட்டச் சொல்லிரு."

"அப்ப ஒழுகுற கூரை?"

"இன்னொரு மழைக்குத் தாங்கும். போ, ஆட்டோவப் புடி."

போகும்போது சவேரியம்மாள் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். நான் எழுதவில்லை என்று நினைத்திருப்பார்.

கிதாரை உறையில் வைத்து மூடும்போதுதான், பட்டியலில் ஏறாத அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. ஒன்றை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பைக்குள் கைவிட்டு எடுத்தேன்.

பில் இல்லை. கருப்பு வாட்டர் பேப்பர், உப்புத்தாளிலேயே நைஸ் ரகம். எண்ணூறு நம்பர். நான்காக மடித்தது, மடிப்பில் வெளிர்நிற மரத்தூள்.

சூசைமாணிக்கம் பார்த்துவிட்டார். படிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு இடது கையை நீட்டினார்.

உள்ளங்கையில் வைத்தேன்.

விரல்கள் மெல்ல மூடின. முழுவதும் மூடவில்லை.