கணினி பார்க்க வந்தவர்கள்

பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தை விட்டுவிட்டு வீட்டுக் கணினியைத் திறந்து பார்க்க ஆரம்பித்த பிறகு, கயிலாசநாதனுக்கு நிம்மதி போயிற்று. மகள் செண்பகத்துக்கு இந்த முறை பார்க்க வரவிருந்த பையனைப் பிடித்திருந்தது. அதனால் மூன்று நாள் உட்கார்ந்து, குடும்ப மானத்துக்கு உதவாத கோப்புகளையெல்லாம் அழித்துத் தள்ளினார்.

வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அப்பா கணினியைத் திறந்தார். ஐந்தே நிமிடத்தில் மூடிவிட்டார்.

“என்னங்க, சாமி படமும் கரண்டு பில்லும்தான் இருக்கு? ஒரு சண்டை இல்ல, ஒரு அழுகை இல்ல. இப்படித் தொடச்சு வச்சிருக்கீங்கன்னா உள்ள என்னதான் இருந்துச்சோ! நாங்க வர்றோம்.”

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். செண்பகத்தின் முகம் வாடியது. கயிலாசநாதனுக்குப் பொறுமை போய்விட்டது.

“யார் வீட்ல சண்டை இல்ல? என் தம்பி என்கூடப் பேசி பதினாறு வருஷமாச்சு! என் பையன் வேலை போனதைச் சொல்லாம, ஆறு மாசம் டிபன் டப்பாவோட பார்க்குல போய் உட்கார்ந்திருந்தான்! என் பொண்டாட்டியே ரெண்டு தடவை என்னை விட்டுட்டுப் போயிருக்கா! போதுமா?”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டாவது தடவை எதுக்குப் போனாங்க?” என்று ஆவலாகக் கேட்டார்.