முன்கை உரசிய இடம்

பெலிக்ஸ் மாஸ்டர் காலமானதும், அவர் வாசித்த கிட்டாரை, அதைச் செய்த கம்பெனிக்காரர்களே வாங்கிவந்து ஷோரூம் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்தார்கள். வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். தொடுவதற்கு ஒரு கை இல்லை. பேச்சுத் துணைக்கும் நாதியில்லை.

ஒருநாள் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு புதுக் கிட்டாரை மாட்டினார்கள். பழசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாஸ்டரின் முன்கை உரசி உரசி வார்னிஷ் போன அதே இடம் அதன் உடம்பிலும் தேய்ந்திருந்தது. அவர் சட்டைப் பொத்தான் கீறிய கோடுகூட இருந்தது.

"அட, நீயும் அவர் மடியில இருந்தவனா!" என்றது பழசு. "பாட்டு முடிஞ்சதும் நம்ம மேல தாடையைச் சாய்ச்சுக்குவாரே, ஞாபகம் இருக்கா?"

புதுசு விழித்தது. "யாருண்ணே?"

"உன்னைத் தேய்ச்சிருக்கே, அந்தக் கைக்காரர்!"

"இதுவா? காலையில உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாங்க. உங்களை மாதிரியே வேணும்னு ஜனங்க கேக்கறாங்களாம். உள்ளே இன்னும் நிறையப் பேர் இருக்கோம்ணே."



சாயங்காலம் ஒரு பெண் வந்து புதுசை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முன்கை அந்தத் தேய்ந்த இடத்தில் வாகாகப் போய் உட்கார்ந்தது. நிறுத்தி நிதானமாக ஒரு பாட்டு வாசித்தாள். முடிந்ததும், கண்ணை மூடி, அதன் மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க சொன்னது இதைத்தானா?" என்று கேட்டது புதுசு.

பழசு வாயைத் திறப்பதற்குள் அவள் அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

மறுநாள் அதே ஆணியில், அதே இடம் தேய்ந்த இன்னொன்றை மாட்டினார்கள். இந்த முறை பழசு, 'நீயும் அவர் மடியில இருந்தவனா' என்று கேட்கவில்லை.