லண்டன் கை

"வழி விடுங்கோ! லண்டன் டொக்டர் வந்திட்டார்!"

மயிலிட்டிக் கோயில் மண்டபத்தில் நின்ற கூட்டம் இரண்டாகப் பிளந்தது. நடுவில் நீள மர வாங்குகளைச் சேர்த்துப் போட்டு மடுத்தீனைக் கிடத்தியிருந்தார்கள். கடலில் பட்ட துப்பாக்கி வெடி. வயிற்றைச் சுற்றிக் கட்டிய சாரத் துணி இரத்தத்தில் நனைந்துகொண்டே இருந்தது. வருகிற மாதம், லண்டனிலிருந்து வந்திருந்த எட்மண்டின் தங்கையைக் கட்ட இருந்தவன் அவன்.

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றான் எட்மண்ட்.

"றோட்டு முழுக்கச் செல் விழுது தம்பி. நீங்கள் நிக்கேக்கை எங்களுக்கு ஏன் ஆசுபத்திரி?" மடுத்தீனின் தகப்பன் அவன் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "லண்டனிலை ஒவ்வொரு நாளும் ஆக்களை வெட்டித் தைக்கிற கை எண்டு உங்கடை அம்மா சொன்னவ."

எட்மண்ட் தாயைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நான் பொய் சொல்லேல்லை ராசா." றோஸ் மகனின் காதருகே வந்தாள். "முழுக்கச் சொன்னால் ஆர் எங்களோடை சம்பந்தம் செய்வினம்?"

எங்கோ ஒரு செல் விழுந்து வெடித்தது. மண்டபத்து ஓடுகள் அதிர்ந்தன. மருந்துக்கடைக்காரர் கொதிநீரில் போட்டெடுத்த கத்தியை நீட்டினார். எட்மண்ட் வாங்கினான். சாரத்தை மெல்ல விலக்கினான்.

மடுத்தீன் கண்ணைத் திறந்தான். "மச்சான்..." என்று முனகினான்.

கத்தி கைநழுவி விழுந்தது.

சத்திரசிகிச்சை படிக்கப் போன எட்மண்டுக்கு லண்டனில் கிடைத்த இடம் பிரேத அறை. ஐந்து வருடமாக அவன் மேசைக்கு வந்தவர்களில் ஒருவரும் கண் திறந்ததில்லை.