உயிரோடிருப்பதற்குச் சான்று

தாம்பரத்துக் கல்லூரியில் முதல்வர் கனகவல்லியின் மேசைமீது பதினொரு மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் போட்டிருக்கிறது. எதிரே ஆங்கிலத் துறையின் முன்னாள் தலைவர் வரதராசன் நிற்கிறார். வயது எண்பது. ஓய்வூதியத்துக்கு அவர் உயிரோடிருப்பதாக முதல்வர் பச்சை மையில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். படிவத்தை நீட்டுகிறார். உட்காரலாம்தான்; ஆனால் வருபவர்களுக்கென்று இருக்கும் ஒரே நாற்காலியில் கனகவல்லி எழுதிய புத்தகத்தின் இருபது பிரதிகள் அடுக்கியிருக்கின்றன. நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலப் பழிவாங்கல் நாடகங்களைப் பற்றியது. அது வெறும் ஆய்வேடாக இருந்தபோது, "படிச்சுட்டுச் சொல்றேன், நில்லு" என்று தன் அறை வாசலில் மூன்று வருடம் அவளை நிற்கவைத்தவர் இவர். கடைசிவரை பிரிக்கவே இல்லை. வெளியே மின்சார ரயில் ஊதிக்கொண்டு போகிறது. "ஒரு கையெழுத்துதானேம்மா, கால் வலிக்குது" என்கிறார். கனகவல்லி படிவத்தை வாங்கி, பச்சைப் பேனாவின் மூடியை நிதானமாகத் திருகித் திறக்கிறாள். அவரைச் செருப்பிலிருந்து நரைமுடிவரை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு மூடியைத் திரும்பவும் மாட்டுகிறாள். "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு நான்ல சார் சொல்லணும்? படிச்சுட்டுச் சொல்றேன், நில்லுங்க."