சாவியை விடாதே

"லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன், அண்ணா."

தங்கை சொன்னதும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே லாரியை ஓரம் கட்டிவிட்டு, இரும்புக் கடைக்காரர் கயிற்றோடு காத்திருந்தார். ஷெட்டுக்குள் அப்பாவின் பழைய கார். அவள் வண்டி ஓட்டப் பழகியதே அதில்தான். அதை உடைத்து எடைக்குப் போடுவதா?

போன வாரம் வரை ஓடிக்கொண்டிருந்த கார்தான். ஒரு ஓட்டல் முதலாளி, வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்தலாமென்று விலை பேச வந்தார். அவர் கண்ணெதிரே இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. அண்ணன் சாவியை விட்டதும் அணைந்தது. திரும்பத் திரும்ப முயன்றும் அதே கதை. அவர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். வெறுத்துப்போன அண்ணன் இரும்புக் கடையைக் கூப்பிட்டுவிட்டான்.

தங்கை பானெட்டைத் திறந்தாள். பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டு இருக்க வேண்டும். அந்த இடம் காலி. இரண்டு வயர்கள் சும்மா தொங்கின.

"ரெசிஸ்டரைக் காணோம்! சாவியைத் திருப்பிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் காயிலுக்கு கரண்ட் நேரா போகும். கையை விட்டா அது வழியாத்தான் போகணும். அது இல்லேன்னா இன்ஜின் அணையாம என்ன செய்யும்? யார் கழட்டினது?"

"ஆரம்பிச்சுட்டா! எலி தூக்கிட்டுப் போயிருக்கும், போ."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்ற அண்ணிக்குச் சொல்லித்தர வேண்டுமா? படியில் கைகட்டி நின்றபடி ஆரம்பித்தாள்.

"என்னங்க, இவ கதையைக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க? போன தடவை வந்து மணிக்கணக்கா நோண்டினாளே, டார்ச் பிடிச்ச என் கைதான் வலிச்சது. முடிஞ்சா கேட்டைத் தாண்டட்டுமே! தாண்டிட்டா காரை அவளே வச்சுக்கட்டும்!"

"நீ சும்மா இரு" என்ற அண்ணன், இரும்புக் கடைக்காரர் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு வீம்பாக நிமிர்ந்தான். "சரி, அப்படியே ஆகட்டும். ஆனா ஒரு துண்டு வயர்கூட வைக்கக் கூடாது. இருக்கிறபடியே ஓட்டணும். முடியலேன்னா லாரி."

"பேச்சு மாற மாட்டியே?"

"இவரே சாட்சி!"

தங்கை உள்ளே ஏறினாள். கிளச்சை மிதித்து, முதல் கியரைப் போட்டு, சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமியது. பழக்கத்தில் சாவியை விடப்போன கையை இறுக்கிக்கொண்டாள். ஒரு கையில் சாவி, மறு கையில் ஸ்டியரிங். கிளச்சை மெல்ல விட்டாள். ஸ்டார்ட்டர் காது கிழியக் கத்த, கார் நகர்ந்தது.

"ஏய், ஸ்டார்ட்டர் போயிடும்! சாவியை விடு!"

"விட மாட்டேன்! அப்பா காரை எடைக்குப் போடறவன் பேச்சை நான் எதுக்குக் கேக்கணும்?"

பூந்தொட்டி ஒன்று சாய்ந்தது. கயிற்றைப் போட்டுவிட்டு இரும்புக் கடைக்காரர் ஒதுங்கினார். கார் கேட்டைத் தாண்டியது, தெருவில் இறங்கியது, முனையில் திரும்பியது. அங்கேதான் மணிக்கட்டு மரத்துப்போய்க் கை நழுவியது. இன்ஜின் அணைந்தது. அணைந்தால் என்ன? கார் அவளுடையது! சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

யாரோ ஓடிவரும் சத்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அண்ணி!

"வயித்தெரிச்சல்ல இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா, அண்ணி? அதையும் கொட்டிட்டுப் போங்க."

அண்ணிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, மூடியிருந்த கையை ஜன்னலுக்குள் நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் அந்த வெள்ளைப் பீங்கான் துண்டு.

"ஓட்டல்காரர் வர்ற அன்னைக்குக் காலையிலயே கழட்டிட்டேன். சீக்கிரம் மாட்டிட்டு அந்தப் பக்கம் நகர்ந்து உட்காரு. கல்யாணமான நாள்லேர்ந்து உங்க அண்ணன் தொடவிடாத சாவியை இன்னைக்கு நான்தான் திருப்பப் போறேன்."