ஒரு முகம் விடாமல்

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

விருதுநகரிலிருந்து வந்த பேராசிரியர் குருநாதன் கத்தியதும், சிவகாசி அச்சகத்தின் டிசைனர் பாண்டிமுருகன் திருதிருவென விழித்தான்.

"உங்க புஸ்தகந்தான் சார். ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையாக் கப்பலேத்துன சனங்க."

"கறுப்பின மக்கள் வரலாறுய்யா இது! லண்டன் ஆவணக் காப்பகத்துல ஒரு வருசம் தூசியத் தின்னு எடுத்த படங்க. எல்லாரையும் கல்யாண மாப்பிள்ளை கணக்கா வெளுத்து வச்சிருக்கே!"

காலண்டருக்கு வரும் கட்சித் தலைவர் முதல் பூப்புனித நீராட்டு விழா பேனர் வரை, யாரும் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கித்தான் பாண்டிமுருகனுக்குப் பழக்கம். இதற்காக இதுவரை யாரும் திட்டியதில்லை.

"ஏலே, இந்த ஆர்டர் போச்சுன்னா நீயும் அப்படியே வீட்டைப் பார்த்துப் போயிரு" என்றார் முதலாளி சண்முகவேல்.

பாண்டிமுருகன் ஒரு முகம் விடாமல் பழைய நிறத்துக்குத் திருப்பினான். மறுநாள் வந்த பேராசிரியர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதான்யா மனுச முகம். நிறத்தை மறைச்சா வரலாற்றையே மறைச்ச மாதிரி."

பாண்டிமுருகனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பேராசிரியர் பின்னட்டையைத் திருப்பினார்.

"இது யாரு?"

"நீங்கதான் சார். நேத்து இதையும் வெளுத்திருந்தேன். இப்ப சரி பண்ணிட்டேன்."

பேராசிரியர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து இதை நான் குறை சொன்னேனா தம்பி?"